எல்லாருக்கும் இடுப்பு முப்பத்து நாலு

அந்தக் காவல் நிலையத்தில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இடுப்பளவு முப்பத்து நாலு அங்குலம். வாசலில் நிற்கும் காவலரிலிருந்து மாடியறையில் உட்காரும் தலைமை அதிகாரிவரை ஒரே அளவு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக்கூட இப்படி அமைவதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முப்பத்து நாலுக்கு மேல் இடுப்புள்ளவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது, அதோடு இளைக்கும்வரை தினமும் விடியற்காலையில் மைதானத்தை இருபது சுற்று ஓடவேண்டும் என்றது அது. மறுவாரமே எல்லோரும் இளைத்துவிட்டார்கள், பதிவேட்டில்.

பதிவேட்டுக்கு வெளியே நிலவரம் என்ன என்று அறிந்தவர் ஊரில் ஒருவர்தான். ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி, பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் தையல்கடை வைத்திருந்தவர். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்டேஷனுக்குச் சீருடை தைக்கிறவர். சட்டமும் ஒழுங்கும் அந்த ஊரில் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். தையல்காரருக்கு அது அரை அங்குலம் பிசகாமல் தெரியும்.

தையல்காரருக்கு ஒரு குறை உண்டு. முகம் நினைவில் நிற்காது, பெயர் அதைவிட மோசம். இடுப்பைப் பார்த்தால்தான் ஆள் இன்னாரென்று பிடிபடும். எதிரே வந்து சலாம் சொல்கிறவரைப் பார்த்து ஒரு கணம் திருதிருவென்று விழித்துவிட்டு, பார்வையைக் கீழே இறக்கியதும் முகம் மலர்ந்து, "அடடே, முப்பத்தெட்டரை! சௌக்கியமா?" என்பார். கல்யாணத்தன்று மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சே "தோள் பதினாலரைதானே?" என்பது. அந்த அம்மாள் இந்த மனுஷரை அன்றைக்கே புரிந்துகொண்டுவிட்டாள். அன்றுமுதல் அந்த வீட்டில் அன்பு, கோபம், கவலை எல்லாம் அங்குலத்தில்தான். "என்ன, கை சுத்தளவு கால் இன்ச் குறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிடறியா இல்லையா?" என்று அவர் கேட்டால் கொஞ்சுகிறார் என்று அர்த்தம்.

அளவு நோட்டிலும் பெயர் கிடையாது. 'வாசல் தொந்தி', 'இடது தோள் இறக்கம்', 'மூச்சுப் பிடிக்கிறவர்' என்றுதான் இருக்கும். இந்த மூச்சுப் பிடிக்கிறவர், டேப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே ஒளித்துக்கொண்டு முப்பத்தேழு காட்டுவார். தையல்காரர் ஒன்றும் சொல்லாமல் நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொள்வார். மனுஷன் எப்போதாவது மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும். ஒருவர் அளவை இன்னொருவரிடம் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் உள்ள தொழில் ரகசியம் தையல்காரனுக்கும் உண்டு; சட்டப் புத்தகத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது மெஷினில் தம்பி. முப்பத்தைந்து வயது, இடுப்பு முப்பத்து மூன்று. பத்து வருஷமாக அதே முப்பத்து மூன்று. "திங்கறதெல்லாம் எங்கதான் போகுதோ" என்று அண்ணி அங்கலாய்ப்பாள். "எல்லாம் வாய் வழியாவே பேச்சா வெளிய போயிருது அண்ணி" என்பான் அவன். கடையில் இரண்டு பேருக்கான பேச்சையும் அவனே பேசிவிடுவதால் அண்ணன் பேசவேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் தம்பி எட்டு ஜோடி சீருடையை அயன் போட்டு, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, ஸ்டேஷனுக்குக் கொடுக்கப் போனான். மாதாமாதம் போகிறதுதான். வாசல் காவலர் "வாங்க மாப்பிள்ளை" என்று கையைக் காட்டுவார், இவன் உள்ளே போவான். ஆனால் அந்த வாரம் வாசலில் புதிதாக ஒரு கணினி வைத்திருந்தார்கள். யார் வந்தாலும் அதில் ஏற்றித்தான் உள்ளே விடவேண்டும். வாசல் காவலர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால், கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையையே தட்டினார். மதம்: முஸ்லிம். கையில் இருப்பது: போலீஸ் சீருடை. எண்ணிக்கை: எட்டு. நோக்கம்: ஸ்டேஷனுக்குள் போக.

கணினி சிவப்பாகிவிட்டது. பின்னறையில் மணி அடித்தது.

பின்னறையில் இருந்தது பயங்கரவாதத் தடுப்புத் தனிப் பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, ஒரு விசாரணை அதிகாரி. அதுவரை திருட்டு சைக்கிள் பார்த்துக்கொண்டிருந்தவரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழ் கொடுத்து, அங்கே உட்கார வைத்திருந்தார்கள். மூன்று மாதமாக ஒரு வழக்கும் இல்லை. 'தங்கள் பகுதியில் பயங்கரவாதம் இல்லாமைக்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்' என்று தலைமையகம் கடிதம் போட்டிருந்தது. ஐந்தாவது நாள்தான் அந்தப் புதன்கிழமை.

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போன தம்பி மதியமாகியும் வராததால் தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஸ்டேஷனுக்கு ஓடினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவரின் முகம் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் எழுந்து நின்றதும்தான் தெரிந்தது, நாற்பத்திரண்டு. மூச்சுப் பிடிக்கிறவர்.

"சார், அந்த மூட்டையில உங்க பேன்ட்டும் இருக்கு சார். போன மாசம் நீங்கதானே துணி எடுத்துக் குடுத்தீங்க?"

"தெரியும். தெரியாதுன்னு நான் சொன்னேனா?"

"அப்ப தம்பிய விட்டுருங்க சார்."

"இங்க பாருங்க" என்று விசாரணை அதிகாரி குரலைத் தணித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டவர் போலத்தான் இருந்தது. "எனக்குத் தெரியும். ஆனா பிரிவுக்குத் தெரியாதே? நான் தனியாளா இருந்தா டீ வாங்கிக் குடுத்து ரெண்டு பேரையும் அனுப்பியிருப்பேன். இப்ப நான் தனியாள் இல்ல. நான் ஒரு பிரிவு. அஞ்சு நிமிஷ விசாரணைதான், கவலைப்படாதீங்க."

அந்த ஐந்து நிமிஷம் வெள்ளிக்கிழமைவரை போயிற்று.

வாசல் காவலர்தான் வழி சொன்னார். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பழைய பேன்ட்டின் கொக்கி மாட்டாமல் மேலே பெல்ட்டை இழுத்துக் கட்டியிருந்தார். புதுசு மூட்டைக்குள் சீல் வைக்கப்பட்டிருந்தது. "அண்ணே, நான் தட்டுனதாலதான்ணே வந்துச்சு. அல்லும் பகலும் அதே நினைப்பா இருக்கு. நீங்க மாடியில புரிந்துணர்வு அம்மாவைப் பாருங்க. மேல அம்மா சொன்னா கீழ கேப்பாங்க."

மாடியில் சமூகப் புரிந்துணர்வுப் பிரிவு இருந்தது. அதன் அதிகாரி நல்ல பெண்மணி. அவருடைய கெட்ட நேரம், அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவேண்டிய உத்தியோகம். தையல்காரரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களா தேடி வந்திருக்கீங்க! உங்க சமூகத்துலேருந்து யாருமே வர மாட்டேங்கறாங்க. நாங்க கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கோம். இன்னைக்கு ஒரு மணிக்குக் கூட்டம், கட்டாயம் இருக்கணும்."

"வெள்ளிக்கிழமைங்க. ஒரு மணிக்குத் தொழுகை..."

"அதனாலதானே வெள்ளிக்கிழமையே வச்சோம்! உங்க புனித நாளுக்கு நாங்க குடுக்கற மரியாதை. ஆய்வெல்லாம் பண்ணித்தான் நேரம் முடிவு பண்ணோம். வெள்ளி மதியம் ஒரு மணிக்கு உங்க ஆளுங்க ஒருத்தரும் கடையில இருக்கறதில்ல. அப்ப எல்லாரும் சும்மாதானே இருப்பாங்க?"

தையல்காரர் தம்பிக்காக இருந்தார். பள்ளிவாசல் பாங்கு ஜன்னல் வழியாக வந்தது. அதிகாரி எழுந்துபோய், கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினார்.

வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி. வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் கடைத்தெருப் பல் டாக்டர். பல் டாக்டர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கமாக நகர்த்திவைத்துக்கொண்டு, நெடுநாள் குடியிருப்பவர்போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எத்தனை நாளா வர்றீங்க டாக்டர்?"

"ஆறு வருஷம்."

"அவ்ளோ ஈடுபாடா?"

"சரிபாக்கணும்னு கீழ என் பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போனாங்க. மேல அம்மா சொன்னா கீழ கேப்பாங்கன்னு சொன்னாங்க." பல் டாக்டர் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் தோய்த்தார். "அப்ப வேற அம்மா. இவங்க மூணாவது."

தையல்காரர் சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி எழுந்து பேசினார். "வந்திருக்கும் பெரியோர்களே" என்று இரண்டு பேரையும் பார்த்து ஆரம்பித்தார். "பயங்கரவாதத்தை ஒழிக்க வேண்டுமானால் முதலில் சந்தேகத்தை ஒழிக்க வேண்டும். உங்களில் யார்மீதும் எங்களுக்குச் சந்தேகம் கிடையாது. அது யார் என்று நீங்களே முன்வந்து சொல்லிவிட்டால் மற்றவர்கள்மீது சந்தேகப்பட வேண்டிய தேவையே எங்களுக்கு வராது. நாங்கள் உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறோம், நீங்கள் வீட்டுக்குள் என்ன பேசுகிறீர்கள் என்பது உட்பட. அப்படியிருந்தும் நமக்குள் புரிதல் வரவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசிக்க வேண்டும்."

பல் டாக்டர் கைதட்டினார். ஆறு வருஷப் பழக்கத்தில் எங்கே தட்டவேண்டும் என்று கைக்கே தெரிந்திருந்தது.

"அம்மா, என் தம்பி கீழ..." என்று தையல்காரர் எழுந்தார்.

"தனிப்பட்ட வழக்கு இங்க பேசக்கூடாதுங்க. கீழ இருக்கறது விசாரணை, மேல இருக்கறது புரிந்துணர்வு. ரெண்டையும் கலக்கவே கூடாது. கலந்துட்டா விசாரணைக்குள்ள புரிந்துணர்வு வந்துரும், அப்புறம் ஒரு கேஸும் நிக்காது. சரி, இப்ப நம்பிக்கைப் பயிற்சி!"

நம்பிக்கைப் பயிற்சி என்றால், சமூகத்தவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயவேண்டும், காவல் துறையினர் ஒருவர் தாங்கிப் பிடிக்கவேண்டும். தாங்கிப் பிடிக்க வாசல் காவலரை மேலே வரச்சொன்னார்கள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி, சாய்ந்தார். வாசல் காவலர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய பேன்ட் மேலிருந்து கீழ்வரை 'டர்'ரென்றது. கை தானாகப் பின்னால் போய்விட்டது. சமூகம் தரையில் விழுந்தது.

அதிகாரி கூட்ட அறிக்கையில், 'இரு தரப்பினரும் தங்கள் இயல்பான நிலையை வெளிப்படுத்தினர்' என்று எழுதினார். பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். அதில் அழுவதிலிருந்து சிரிப்பதுவரை ஐந்து பொம்மை முகங்கள் இருந்தன. "இன்னைக்கு உங்க நம்பிக்கை எந்த அளவுல இருக்குன்னு ஒண்ணை வட்டம் போடுங்க. பயப்படாம போடுங்க, இது முழு ரகசியம். பேரு, வீட்டு முகவரி, போன் நம்பர் மட்டும் கீழ எழுதிருங்க."

தையல்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடு முகத்துக்கு வட்டம் போட்டார். அந்த முகத்துக்கும் வாய் நேர்கோடுதான்.

இரண்டாவது வெள்ளியும் போனார். மூன்றாவது வெள்ளியும் போனார். அண்ணிக்காரி தினமும் இரண்டு வேளை சாப்பாடு கட்டிக்கொண்டுபோய் வாசலில் கொடுத்தாள். வாசல் காவலர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். சாப்பாடு உள்ளே போகிறதா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கு மறுநாள் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி முன்னால் எட்டு பேன்ட்டும் வரிசையாக மடித்து வைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க தம்பி என்ன சொல்றான்? இது இந்த ஸ்டேஷன்காரங்களுக்குத் தச்ச உடுப்புங்கறான். சரி, நாங்க நியாயமா விசாரிக்கறவங்க. அளந்து பாத்தோம்." அவர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். "முப்பத்தொம்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு. இந்த ஏழாம் நம்பர் நாப்பத்தாறு. இப்ப எங்க பதிவேட்டைப் பாருங்க. இந்த ஸ்டேஷன்ல ஒருத்தருக்காவது முப்பத்து நாலுக்கு மேல இருக்கா? இல்ல. அப்ப இது எந்தப் போலீஸ்காரருக்கும் தச்சதில்ல. போலீஸ்காரர் அல்லாத எட்டு தடியனுங்க, போலீஸ் உடுப்புல, ஸ்டேஷனுக்குள்ள நுழையத் திட்டம். யாரு அந்த எட்டு பேரு?"

தையல்காரர் அவர் வயிற்றைப் பார்த்தார். அது மேஜை விளிம்பில் சாவகாசமாகச் சாய்ந்திருந்தது.

"அதோட, உங்க தம்பிக்கு இடுப்பு முப்பத்து மூணு. இந்தக் கட்டடத்துலயே துறை விதிப்படி தகுதியா இருக்கற ஒரே ஆள் அவன்தான். போலீஸ் இல்லாத ஆளுக்குப் போலீஸ் இடுப்பு எதுக்கு? எத்தனை வருஷமாத் தயாராகிட்டிருக்கான்?"

"சார், என்கிட்ட அளவு நோட்டு இருக்கு. இருபத்திரண்டு வருஷ அளவும் இருக்கு. கொண்டுவரேன் சார்."

"கொண்டாங்க. ஆதாரம் இருந்தா நாங்க ஏத்துக்காம போவோமா?"

தையல்காரர் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். தொழில் ரகசியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். கடையிலிருந்து ஸ்டேஷன்வரை அவருக்குக் கூச்சமாக இருந்தது, எட்டு பேரையும் துணியில்லாமல் தெருவில் நடத்திக்கொண்டு வருவது போல.

விசாரணை அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் பிரகாசித்தது. "பேரே இல்ல. எல்லாம் சங்கேதப் பேரு. 'வாசல் தொந்தி', வாசல்லயே ஆள் வச்சிருக்கீங்க. 'இடது தோள் இறக்கம்'. இந்த 'மூச்சுப் பிடிக்கிறவர்' வருஷம் தவறாம வர்றாரு. ஒவ்வொரு வருஷமும் எண் ஏறிக்கிட்டே போகுது. தலைவன் இவன்தானே? எங்க இருக்கான்?"

தையல்காரர் மறுபடியும் அவர் வயிற்றைப் பார்த்தார்.

"சொல்லுங்க. உங்க தம்பி விடுதலையே இந்தப் பதில்லதான் இருக்கு. யாரு இந்த மூச்சுப் பிடிக்கிறவரு?"

"நீங்கதான் சார்."

விசாரணை அதிகாரி தன்னையறியாமல் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினார். அப்படியே சிறிது நேரம் இருந்தார். பிறகு நோட்டை மூடி, உறைக்குள் போட்டு, அரக்கு வைத்து, அதன்மேல் எழுதினார். 'காவல் துறையினரின் உடல் விவரங்களை இருபத்திரண்டு ஆண்டுகளாக ரகசியமாகச் சேகரித்தமை. இரண்டாம் சந்தேக நபர்.' அப்புறம்தான் மூச்சு விட்டார்.

"இன்னொண்ணு" என்றார், தாளைப் புரட்டியபடி. "மூணு வாரமா நீங்க வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகல. திடீர்னு பழக்கம் மாறியிருக்கு. அந்த நேரத்துல மூடின அறைக்குள்ள ஏதோ கூட்டத்துக்குப் போறீங்க. எங்க நடக்குது, யாரு நடத்தறா, எல்லாம் விசாரிச்சிட்டிருக்கோம்."

"அது உங்க மாடியில நடக்குது சார்."

"விசாரிச்சிட்டிருக்கோம்னேனே."

புரிந்துணர்வு அதிகாரிக்கு விஷயம் தெரிந்ததும் மனம் இளகிவிட்டது. அவர்தான் தலைமை அதிகாரியிடம் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டு பேரையும் வரவழைப்பது. ஆளுக்கொரு பேன்ட்டைப் போட்டுப் பார்ப்பது. ஒரே ஒருவருக்குப் பொருந்தினாலும் தம்பி சொன்னது உண்மை என்று ஆகும், அன்றைக்கே விட்டுவிடலாம். இதற்கு 'பேன்ட் அணிவகுப்பு' என்று பெயர் வைத்து, புரிந்துணர்வுப் பிரிவின் அந்த மாதச் சாதனைப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்.

முந்தின நாள் மாலை வாசல் காவலர் கடைக்கே வந்தார். "அண்ணே, ஒருத்தர் சொன்னாப் போதுமாம்ல? நான் சொல்றேன்ணே. பதவி உயர்வு போனாப் போகுது, வயசும் ஆச்சு. மைதானம்தானே, ஓடிட்டுப் போறேன். மாப்பிள்ளை இல்லாம வாசலே வெறிச்சுனு இருக்குண்ணே."

தையல்காரரின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. அன்றிரவு மூன்று வாரத்தில் முதல் முறையாக இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அணிவகுப்பு பத்து மணிக்கு. ஏழாம் எண் தலைமை அதிகாரியுடையது. அவர் வரவில்லை, 'வேலைப் பளு. பொருந்தவில்லை என்று எழுதிக்கொள்ளவும்' என்று சீட்டு அனுப்பிவிட்டார். மற்ற ஏழு பேரும் தட்டிக்குப் பின்னால் போய் ஒவ்வொருவராக மாற்றிக்கொண்டு வந்தார்கள். தையல்காரரை ஓரமாக நிற்கவைத்தார்கள், நிபுணர் என்று. ஆனால் நிபுணர் பேசக்கூடாது.

பார்த்தவர் கண்பட்டுவிடும் போல இருந்தது. தைத்த கைக்கே பெருமையாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. கொக்கி மாட்டும்போது 'க்ளிக்' என்று கேட்டது. இடது தோள் இறக்கக்காரர் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். "ஆகா, என்ன கைவேலை! இந்த மாதிரி பாந்தமா ஒரு பேன்ட் எனக்கு அமைஞ்சதே இல்ல" என்றார் வாய்விட்டு.

"பொருந்துதா?" என்று விசாரணை அதிகாரி பேனாவைத் தூக்கினார். "பதிவேட்டுல உங்களுக்கு முப்பத்து நாலு."

இடது தோள் இறக்கக்காரர் குனிந்து பேன்ட்டைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. "பொருந்தல சார்."

விசாரணை அதிகாரியும் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு வந்தார். தனக்குத்தானே உரக்கக் கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, எழுதிக்கொண்டார். வேலையில் பாரபட்சம் பார்க்காத மனுஷர்.

கடைசியாக வாசல் காவலர். வந்து நின்றார். முழங்காலிலிருந்து பாதம்வரை கத்தி மாதிரி மடிப்பு. மூன்று வாரமாகக் கிழிந்த பேன்ட்டை ஊசி குத்தி மாட்டிக்கொண்டு திரிந்தவர், அதில் பத்து வயது குறைந்து நின்றார். தையல்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத்தான் பார்த்தார், இடுப்பை அல்ல. அவர் ஒருவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொருந்துதா?"

வாசல் காவலர் வாயைத் திறந்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் விசாரணை அதிகாரி, தாழ்ந்த குரலில், ரொம்பப் பிரியமாக. "பொருந்துதுன்னா நீங்க எட்டு வருஷமாப் பொய்க் கணக்கு குடுத்தீங்கன்னு ஆகும். அப்புறம் இந்தக் கூட்டத்துக்கு வாசலைத் திறந்து விட்டதும் நீங்கதானோன்னு ஒரு கேள்வி வரும். 'வாசல் தொந்தி'ன்னு நோட்டுல வேற இருக்கு."

வாசல் காவலர் இரண்டு கையாலும் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். கீழே விழுந்துவிடாமல் பிடிப்பவர்போல, ஒரு நூல்கூட விழ இடமில்லாத பேன்ட்டை.

"ரொம்ப லூசா இருக்கு சார்" என்றார். கண்ணிலிருந்து நீர் சொட்டியது. அதையும் குறித்துக்கொண்டார்கள், 'உணர்ச்சிவசப்பட்ட நிலையில் உறுதிபடக் கூறினார்' என்று.

ஆக வழக்கு பலப்பட்டுவிட்டது. தம்பியைத் திங்கட்கிழமை தலைமையகத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அங்கே போனவர்களைப் பற்றி ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கேயும் ஒரு புரிந்துணர்வுப் பிரிவு இருக்கிறது, பெரியது, பத்து மாடி என்பது மட்டும் தெரியும்.

புரிந்துணர்வு அதிகாரிக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. மூன்று கூட்டத்துக்கும் தவறாமல் வந்த சமூகத்தவருக்கு ஊக்கப் பரிசு என்று ஒன்று அவருடைய திட்டத்தில் இருந்தது. வழக்கமாக ஒரு பேனா. அதற்குப் பதிலாக, விதியைத் தளர்த்தி, ஐந்து நிமிஷம் தம்பியைப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். இந்த முறை ஐந்து நிமிஷம் சரியாக ஐந்து நிமிஷமாகவே இருந்தது.

உள்ளே விடும் முன் கழுத்திலிருந்த டேப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கழுத்தை நெரிக்கக்கூடிய பொருள் என்று. சட்டைக் காலரில் குத்தியிருந்த இரண்டு குண்டூசியையும் எடுத்தார்கள்.

தம்பி கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கையால் பேன்ட்டை இழுத்துப் பிடித்தபடி வந்தான். "வாங்கண்ணே. பெல்ட்டை வாங்கி வச்சுட்டாங்க. என்ன இது, நம்ம கடைத் தையல் இவ்ளோ லூசா? வேற டெய்லர் பாக்கணும்போல."

தையல்காரர் கம்பி வழியாகக் கையை நீட்டினார். தொளதொளவென்றிருந்த இடுப்புத் துணியைப் பின்பக்கமாகச் சேர்த்து மடித்து விரலுக்குள் பிடித்துக்கொண்டார். தம்பி தன் கையை எடுத்துவிட்டான். மூன்று வாரத்துக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டான்.

"அண்ணி கட்டிக் குடுக்கற சாப்பாடு வருதா?"

"வருதுண்ணே" என்றான். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன், இதற்கு ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். பிறகு, "பேன்ட்டெல்லாம் போட்டுப் பாத்தாங்களாமே, பொருந்துச்சா?"

"கச்சிதமா."

"அப்புறம்?"

"பொருந்தலைன்னு எழுதிக்கிட்டாங்க."

தம்பி சிரித்தான். பழைய சிரிப்புதான், பாதியில் நின்றது. "வாசல்காரருமா?"

தையல்காரர் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"அவருது நான்தான்ணே தச்சேன். வயசானா இன்னும் பெருப்பாருன்னு உள்ள ரெண்டு இன்ச் மடிப்பு விட்டு வச்சிருக்கேன். சொல்லுங்க அவர்கிட்ட, பிரிச்சுக்கலாம்னு."

வெளியே வந்தபோது வாசலில் யாரோ ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே" என்றார். தையல்காரர் பார்வையைக் கீழே இறக்காமலேயே நடந்தார். அதனால் அது யார் என்று அவருக்குத் தெரியாமலேயே போயிற்று.

மனைவி கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் படியேறும் முன்னே கேட்டாள்: "எப்படி இருக்கான்?"

டேப் இல்லை, நோட்டும் இல்லை. அவர் தன் வலது கை விரல்களைப் பார்த்தார். மடித்துப் பிடித்த துணியின் கனம் அதில் இன்னும் இருந்தது. நாலு விரலும் அதற்கு மேல் கொஞ்சமும்.

"இருபத்தொம்பதரை" என்றார்.

அவள் உள்ளே போனாள். கொடியில் கிடந்த கொழுந்தனின் இன்னொரு பேன்ட்டை எடுத்துவந்து மெஷின்மேல் போட்டாள். அவர் அதைத் திருப்பி, இடுப்புப் பட்டையைப் பிரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தார்.

"வெட்டிராதீங்க" என்றாள் அவள். "உள்ள மடிச்சே தைங்க. வந்தான்னா பிரிச்சுக்கலாம்."